வீடியோ அழைப்பில் பேசும் வரனை நம்பலாமா? முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் நீண்ட கேள்வியின் சாரம் இது. திருமணத் தகவல் தளம் ஒன்றில் வரன் ஒருவர் அறிமுகமானார். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் மருத்துவராக இருப்பதாகச் சொல்கிறார். ஐந்து மாதமாக வாட்ஸ்அப்பிலும் வீடியோ அழைப்பிலும் பேசி வருகிறீர்கள்; நேரில் சந்தித்ததில்லை. அருகில் உட்கார்ந்து இரண்டு அழைப்புகளைக் கவனித்த உங்கள் அண்ணன், "கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, கேட்டதற்கு யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறார், நடுவில் கேமராவை அணைக்கிறார், ஆள் பொய் சொல்கிறார்" என்கிறார். உங்களுக்கோ அவர் மனம் திறந்து பேசுவதாகவே படுகிறது. முகபாவத்தையும் குரலையும் எழுத்தையும் வைத்துப் பொய்யைக் கண்டறிய உளவியலில் முறை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இவரை நம்பித் திருமணம் வரை போகலாமா? முதல் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பதில் தேடி, ஓரளவு முடிவுக்கும் வந்துவிட்டார்கள். இரண்டாவதற்கான பதிலை அவர் முகத்தில் தேடினால் கிடைக்காது. வேறு இடங்களில் கிடைக்கும்.

நான் உளவியல் படித்தவள். பல வருடங்களாகத் திருமணத்திற்கு முந்தைய ஆலோசனையும், திருமணத்தில் ஏமாற்றப்பட்டவர்களுக்கான ஆலோசனையும் வழங்கி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு இந்த மனிதர் நல்லவர் என்றோ மோசடிக்காரர் என்றோ என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முன்வரும் எவரையும் நம்பாதீர்கள்.

முதலில், உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பேசுவதைப் பார்த்தும் கேட்டும் அவர் சொல்வது உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கும் திறமை மனிதர்களுக்கு மிகக் குறைவு. உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபவுலோவும் 2006இல் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்தார்கள். 24,000க்கும் மேற்பட்டவர்கள் அளித்த தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். போலீஸ்காரர்களைப் போன்ற தொழில்முறை ஆட்களும் பொதுமக்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. இவற்றில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் சொல்லப்பட்ட சின்னப் பொய்கள். வாழ்க்கையில் பெரிய பொய் சொல்பவர் அதிகம் தடுமாறுவார் அல்லவா என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்புதான். ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: விளைவுக்கு அஞ்சிப் பேசும்போது, உண்மை சொல்பவர்களும் பொய்யர்களைப் போலத் தோன்ற ஆரம்பிக்கிறார்கள். பெண்ணின் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துப் பார்க்கும்போது எந்த மாப்பிள்ளைதான் இயல்பாகப் பேசுவார்?

கண் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்ட ஓர் ஆய்வும் 2006இல் வெளியானது. உலகம் முழுவதும் அதிகமாகக் கிடைத்த பதில் உங்கள் அண்ணன் சொன்னதேதான்: கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார். பொய்யின் அடையாளங்களாகக் கருதப்பட்ட 158 விஷயங்களை டிபவுலோவின் குழு 2003இல் ஆராய்ந்தபோதோ, பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே தென்படவில்லை. "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். கோபத்துக்கும் துக்கத்துக்கும் அது ஓரளவு பொருந்தலாம். பொய்க்குப் பொருந்தவில்லை.

வீடியோ அழைப்பில் நிலைமை இன்னும் மோசம். திரையில் உங்கள் முகம் தெரியும் இடம் வேறு, கேமரா இருக்கும் இடம் வேறு. அவர் உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாலும் உங்களுக்கு அவர் கீழே பார்ப்பது போலத்தான் தெரியும். கேமராவை நேராகப் பார்த்துப் பேசுபவர், உண்மையில் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார். தாமதத்தைப் பற்றியும் ஆய்வு உண்டு. ஜெர்மனியில் நடந்து 2014இல் வெளியான சோதனையில், இணைப்பில் வேண்டுமென்றே தாமதத்தைக் கூட்டியபோது, பேசியவர்கள் குறையை இணைப்பின்மேல் போடவில்லை. எதிர்முனையில் இருந்தவரைக் கவனமற்றவர் என்று மதிப்பிட்டார்கள். அண்ணன் பார்த்த "யோசித்து யோசித்து" என்பதில் எவ்வளவு அந்த மனிதருடையது, எவ்வளவு இணையத்தினுடையது என்று பிரிக்கவே முடியாது. கேமராவை அணைப்பதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம்.

எனவே அண்ணன் சொன்ன மூன்று காரணங்களும் நிற்கவில்லை. அதே அளவுகோலை உங்கள் பக்கமும் வைக்க வேண்டும். "மனம் திறந்து பேசுகிறார், குரலில் உண்மை இருக்கிறது" என்கிறீர்களே, அதுவும் நிற்கவில்லை. பொய்யைக் கண்டறிவது பற்றி வெகுகாலமாக ஆராய்ந்து வரும் டிமோத்தி லெவின் காட்டியிருப்பது இது: சிலர் பிறவியிலேயே நேர்மையாளர் போலத் தோன்றுகிறார்கள், சிலர் திருட்டு முழியோடு தோன்றுகிறார்கள். அந்தத் தோற்றத்துக்கும் அவர்கள் அப்போது சொல்வது உண்மையா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நாம் அந்தத் தோற்றத்தை வைத்தே தீர்ப்புச் சொல்கிறோம். ஏமாற்றப்பட்டு என்னிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை, "அவ்வளவு அன்பாகப் பேசினாரே" என்பது. அவர்கள் முட்டாள்கள் அல்லர். எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொள்வதுதான் மனிதரின் இயல்பு. பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நேரம் உண்மையே பேசுவதால், அந்த இயல்பு நமக்கு நன்மையும் செய்கிறது. எல்லோரையும் சந்தேகித்தால் குடும்பமும் நடத்த முடியாது, வியாபாரமும் செய்ய முடியாது.

எழுத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொய் சொல்பவர்கள் "நான்" என்பதைக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது போன்ற முடிவுகள் ஆங்கில எழுத்தை வைத்து வந்திருக்கின்றன. ஆனால் அவை நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் தெரியும் சிறு வித்தியாசங்கள். ஒரு தனி மனிதரின் வாட்ஸ்அப் செய்திகளில் வைத்துப் பார்த்தால் எதுவும் சொல்லாது. வினைமுற்றிலேயே "நான்" அடங்கிவிடும் தமிழுக்கு அதை அப்படியே பொருத்தவும் முடியாது. குரலை வைத்துப் பொய்யைக் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். காடலினா டோமாவும் ஜெஃப் ஹான்காக்கும் நிகோல் எலிசனும் 2008இல் அமெரிக்காவில் துணை தேடும் தளங்களில் பதிந்திருந்த 80 பேரை நேரில் அழைத்து அளந்து பார்த்தார்கள். உயரம், எடை, வயது ஆகியவற்றில் ஒன்றிலாவது மாற்றிச் சொன்னவர்கள் 81 சதவீதம். ஆனால் பெரும்பாலும் மிகச் சிறிய மாற்றங்கள். ஆகவே இவர் உயரத்தில் ஒரு அங்குலம் கூட்டியிருந்தால் அதை வைத்து அவரை மோசடிக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்படியென்றால் பொய் எப்படித்தான் வெளிவருகிறது? ஹீ சன் பார்க்கும் லெவினும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 2002இல் எளிமையான ஒன்றைச் செய்தார்கள். நீங்கள் கண்டுபிடித்த ஒரு பொய்யை நினைவுகூருங்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். பேசும்போதே முகத்தையும் குரலையும் வைத்துப் பிடித்ததாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பிறகுதான், வேறொருவர் சொல்லியோ, ஒரு ரசீதோ கடிதமோ கண்ணில் பட்டோ, சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டோ தெரிந்துகொண்டார்கள். பொய் பிடிபடுவது பெரும்பாலும் அந்தப் பேச்சுக்கு வெளியில்தான்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவுதான் வந்தது. வரன் வந்தால் "விசாரித்தீர்களா?" என்பார்கள். மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்ப்பது விசாரிப்பு ஆகாது. அவர் வேலை செய்யும் அலுவலகத்தில் தெரிந்தவர் யார், அந்தத் தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர் என்ன சொல்கிறார், முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வருவதுதான் விசாரிப்பு. அந்த விசாரிப்பில் சாதியும் கோத்திரமும் பெண்ணின் நடத்தை பற்றிய வம்பும் கலந்திருந்தன. அவற்றை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால், மாப்பிள்ளையைப் பற்றிய தகவலை மாப்பிள்ளையின் கையில் இல்லாத வழியில் பெற வேண்டும் என்ற அடிப்படை சரியானது. இணையத்தில் நாம் இழந்திருப்பது இதைத்தான். ஐந்து மாதமாக இவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொன்றும், அவர் அனுப்பிய புகைப்படம், அவர் காட்டிய அறை, அவர் சொன்ன கதை, எல்லாமே அவர் வழியாக மட்டுமே வந்திருக்கிறது. அவர் உண்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க உங்களிடம் வேறு வழி எதுவும் இதுவரை இல்லை.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு அண்ணன் சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. அவருடைய அக்கா குடும்பம் திருச்சியில் இருக்கிறது, இரண்டு முறை சந்திக்க நாள் குறித்தும் தள்ளிப்போனது, விலாசம் கேட்டால் "பிறகு சொல்கிறேன்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் இல்லாத ஒருவருக்கு அக்காதான் குடும்பம். ஐந்து மாதத்தில் அந்த அக்கா உங்களிடம் ஒரு முறைகூடப் பேசவில்லை. இதற்கும் நேர்மையான காரணம் இருக்க முடியும்: அக்காவோடு மனஸ்தாபம், வீட்டில் நோயாளி, இன்னும் முடிவாகாத விஷயத்தைச் சொல்லத் தயக்கம். ஆனால் கண் பார்வையைப் போலன்றி, இது சரிபார்க்கக்கூடிய விஷயம்.

அவர் மருத்துவர் என்று சொல்வது உங்களுக்கு ஒரு வசதி. பிரிட்டனில் மருத்துவம் பார்க்க வேண்டுமானால் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு மருத்துவருக்கும் ஏழு இலக்கப் பதிவு எண், எந்தக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார், இப்போது தொழில் செய்ய உரிமம் இருக்கிறதா என்பவை அதில் தெரியும். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துப் பதிவு செய்தவர் என்றால், தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம். அதில் தந்தையின் பெயரும் பதிவு ஆண்டும் இருக்கும். அவர் உங்களிடம் சொன்ன தந்தை பெயரோடும் படித்து முடித்த ஆண்டோடும் அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். பதிவேட்டில் புகைப்படம் கிடையாது. உண்மையான ஒரு மருத்துவரின் பெயரை எடுத்துக்கொண்டு இன்னொருவர் பேசலாம், அது நடக்கிறது. ஆகவே அடுத்த படியாக, அவர் சொல்லும் மருத்துவமனையின் பொதுத் தொலைபேசி எண்ணை நீங்களே அந்த மருத்துவமனையின் இணையதளத்திலிருந்து எடுங்கள். அவர் கொடுக்கும் எண் வேண்டாம். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு, பணி நேரத்தில் அழைத்து அவர் துறைக்கு இணைப்புக் கேளுங்கள். அல்லது அவருடைய மருத்துவமனை மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு வரி எழுதி, அதற்கு அங்கிருந்தே பதில் எழுதச் சொல்லுங்கள். அனுப்புநர் முகவரியைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால், உங்களுக்கு வரும் மின்னஞ்சலைவிட நீங்கள் அனுப்பியதற்குக் கிடைக்கும் பதிலே கூடுதலாக நம்பத்தக்கது. இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைத் துணையின் பெயருக்கு இடம் உண்டு. அங்கே ஒரு பெயர் இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். வெறுமையாக இருந்தால் அது திருமணமாகாததற்கான சான்று ஆகிவிடாது; திருமணத்துக்குப் பின் அதைச் சேர்க்காமலே விடுபவர்கள் நிறையப் பேர்.

ஆளே போலியாக இருக்குமோ, முகத்தை மாற்றும் தொழில்நுட்பமோ என்ற உங்கள் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அது கற்பனைப் பயம் அல்ல. கோழிக்கோட்டில் 2023இல், பழைய சக ஊழியரின் முகத்தோடு வந்த வாட்ஸ்அப் வீடியோ அழைப்பை நம்பி ஒருவர் 40,000 ரூபாய் அனுப்பினார். ஹாங்காங்கில் 2024இல் ஒரு நிறுவனத்தின் ஊழியர், தன் மேலதிகாரியும் சக ஊழியர்களும் இருப்பதாக நம்பிய வீடியோ கூட்டத்துக்குப் பிறகு 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அவர் பார்த்த முகங்கள் செயற்கையானவை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லுங்கள் என்று அறிவுரை உலவுகிறது. இன்று சில போலிகள் அதில் சிக்கலாம். அடுத்த வருடமும் சிக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். இன்னொரு பக்கம், திரையில் இருப்பது உண்மையான மனித முகம் என்பதாலேயே அவர் சொல்லும் கதை உண்மையாகிவிடாது. மியான்மரிலும் கம்போடியாவிலும் இயங்கும் இணையவழி மோசடி முகாம்களில் முறையே குறைந்தது 1,20,000 பேரும் சுமார் 1,00,000 பேரும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களும் அங்கே மாட்டி, மீட்கப்பட்டார்கள். அன்பாகப் பேசுபவர் யாரோ மிரட்டலில் பேசவைத்த ஓர் உயிராகவும் இருக்கக்கூடும்.

என் ஆலோசனை அறையில் நான் அதிகம் பார்த்தது முழுப் போலிகளை அல்ல. முகம் உண்மை, பெயர் உண்மை, வேலையும் உண்மை. ஆனால் ஏற்கெனவே ஒரு திருமணம், அல்லது முடியாத விவாகரத்து வழக்கு, அல்லது பெரிய கடன். இதை எந்தத் தொழில்நுட்பச் சோதனையும் காட்டாது. அவரை அன்றாடம் பார்க்கும் மனிதர்கள்தான் காட்டுவார்கள். ஒருவர் உங்களைத் தன் நண்பர்களோடும் உறவினர்களோடும் சேர்த்துப் பேசவைக்கிறாரா, அல்லது உங்களைத் தனி அறையில் வைத்திருப்பது போல வைத்திருக்கிறாரா என்பதை நான் முதலில் கேட்பேன். பேசும்போது கேட்கக்கூடிய கேள்விகளிலும் ஒரு நுட்பம் உண்டு. உண்மையைச் சொல்பவர்கள் சரிபார்க்கக்கூடிய விவரங்களைத் தாராளமாகத் தருவார்கள், மறைப்பவர்கள் நிறையப் பேசினாலும் சரிபார்க்க முடியாத விவரங்களாகவே தருவார்கள் என்பது காலித் நஹாரியும் ஆல்டர்ட் ஃப்ரையும் முன்வைக்கும் கருத்து. பல சோதனைகள் இதை ஆதரிக்கின்றன. ஆனாலும் இதை வைத்து மட்டும் ஒருவர்மேல் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஐந்து மாத உரையாடலைத் திரும்பப் படித்து, அவர் சொன்னவற்றில் பெயர், இடம், தேதி, உடனிருந்தவர் என்று மூன்றாவது ஆளிடம் கேட்டறியக்கூடியவை எத்தனை என்று பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால், அதுவே நீங்கள் மேலும் கேட்க வேண்டியதற்குக் காரணம்.

பணம் பற்றி மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதுவரை அவர் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இனிமேல் உங்களுக்கு அனுப்பிய பரிசு விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது என்றோ, அவசர சிகிச்சை என்றோ, தானே லாபம் பார்க்கும் முதலீட்டுச் செயலியில் நீங்களும் பணம் போடலாம் என்றோ வந்தால், காரணம் எவ்வளவு நெகிழவைத்தாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். சுங்கத் துறை தனிநபர் வங்கிக் கணக்கில் வரி வாங்குவதில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டு நாளைத் தள்ளாமல் உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிகள் அதை முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரங்களில்தான். அந்தரங்கப் படங்கள் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

அவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறீர்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படித்தான் விசாரிப்போம்; என்னைப் பற்றியும் நீங்கள் விசாரியுங்கள், என் அலுவலக விலாசமும் மாமா வீட்டு எண்ணும் தருகிறேன்" என்று நீங்களே முதலில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். பதிவு எண், மருத்துவமனைத் துறையின் பெயர், அக்கா வீட்டு விலாசம், இந்த மூன்றும் போதும். கேட்டதும் அவர் முகம் சுருங்கினால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நேர்மையானவர்களுக்கும் ரோஷம் வரும். கோபம் தணிந்த பிறகு விவரங்கள் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இரண்டு வாரம் என்று உங்களுக்குள் ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள், அண்ணனிடமும் அதைச் சொல்லுங்கள். விலாசம் வந்தால் அண்ணனும் உங்கள் அம்மாவும் திருச்சிக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்துவிட்டு வரட்டும். வராவிட்டால், அவர் பொய் சொன்னாரா இல்லையா என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. விலாசம் தராத வரனோடு பேச்சை நிறுத்திக்கொள்ள எந்த நிரூபணமும் தேவையில்லை.